கூட்டு

வாற்கோதுமை விதை இருபது,
ஈரத்தாள், மூடிய தட்டு, ஐந்து நாள்.
வேர் எவ்வளவு நீள்கிறது என்று
மில்லிமீட்டரில் அளப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பெனோனியில் ஆகஸ்ட் காற்று.
சுரங்கம் தின்று துப்பிய மஞ்சள் மேடு
ஆய்வகச் சன்னல் விளிம்பில்
பொடியாக வந்து உட்கார்ந்திருக்கிறது.
துடைத்தேன். மதியம் மறுபடி.

வெறும் தண்ணீரில் வேர் நூறு.
செம்பு மட்டும் கலந்தால் ஐம்பது.
துத்தநாகம் மட்டும் என்றால் எண்பது.
இரண்டும் சேர்ந்தால்?

கணிக்க இரண்டு வழி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.
இருவரையும் ஒரே ஆளாக நினைத்து
நஞ்சோடு நஞ்சைக் கூட்டுவது ஒன்று.
ஒருவரையொருவர் அறியாத திருடர்களாக நினைத்து,
முதல் திருடன் விட்டுப்போனதில்
அடுத்தவன் எடுப்பதைக் கணக்கிடுவது மற்றது.
முப்பத்தொன்று என்றது முதல் கணக்கு.
நாற்பது என்றது இரண்டாவது.
தட்டைத் திறந்தேன்: நாற்பத்தெட்டு.

வேருக்கு ஒரே வாசல்.
துத்தநாகம் முண்டியடித்து நின்றதில்
செம்பில் பாதி வெளியிலேயே நின்றுவிட்டது.
கணக்குத் தப்பியதில் ஒரு சந்தோஷம் உண்டு.
அன்று மாலை வரை அது எனக்கு இருந்தது.

மறுநாள் நிக்கல் சேர்த்தேன், காட்மியம் ஒரு துளி.
யாரும் யாரையும் தடுக்கவில்லை.
பதினேழு.

ஸ்பிரிங்ஸ் போகும் சாலையில், மேட்டின் அடியில்
டிக்கெலெடிக்கு ஒன்பது பாத்தி:
கீரை, முள்ளங்கி, ஓரமாகச் சோளம்,
டிசம்பரில் அடைக்க வேண்டிய கடன்.
மண் அள்ளியபோது அவள் கேட்டது ஒன்றுதான்:
விற்கலாமா?

படிவம் சொன்னது:
செம்பு, வரம்புக்குள்.
துத்தநாகம், வரம்புக்குள்.
நிக்கல், அப்படியே.
காட்மியம் வாசற்படியில் கால்வைத்து நின்றாலும் உள்ளேதான்.
தனித்தனியே விசாரித்தால் எல்லோரும் நிரபராதி.
கும்பலாக என்ன செய்தீர்கள் என்று கேட்க
கட்டம் இல்லை.

கோயிலில் ஐந்தை உருக்கி ஒன்றாக்கினால் கும்பிடுகிறோம்.
இங்கே உலை வேண்டியதில்லை,
மேட்டின் புளிப்பைக் கரைக்க
ஒரு மழை போதும்.

மளிகைக்கடைக் கணக்கு முடிப்பதுபோல
கீழே கோடு போட்டு, பேனாவால் எழுதினேன்:
கூட்டு. எதிர்பார்க்கும் வேர், பதினேழு.
ஒரு வாரத்தில் திரும்பி வந்தது.
படிவத்தில் இல்லாத வரியை நீக்கவும்.

நீக்கினேன்.

அதையே வேறு தாளில் எழுதி
அவளிடம் கொடுத்தேன், கையெழுத்தில்லாமல்.
படித்துவிட்டு மூன்றாம் பாத்திக்குக் கூட்டிப்போனாள்.
ஒரு முள்ளங்கியைப் பிடுங்கினாள்.
விரல்நுனிக்கு மேல் இறங்கியிருக்கவில்லை.
என் கணிப்பு பலித்தது.
பலித்தது என்ற சொல்லை
நாக்கிலிருந்து எடுத்துக் கீழே வைக்க
இடம் தேடினேன்.

"அதை விடு, இதைப் பார்," என்று
ஏழாம் பாத்தியில் குனிந்தாள்.
விரித்த கைபோல அகலம், கரும்பச்சை.
ஒரு கட்டு அறுத்து, என் மாதிரிப் பையிலேயே திணித்தாள்.
காசு வாங்கவில்லை.

வேருக்கு வலிக்காததெல்லாம்
சத்தமில்லாமல் இலைக்கு ஏறும் என்று தெரியும்.
எவ்வளவு ஏறும் என்று
என் தட்டைக் கேட்டால் தெரியாது.
நன்றி சொன்னேன்.

இரவு பாசிப்பருப்பு ஊறவைத்தேன்,
கீரை போட்டுக் கூட்டு வைக்கலாம் என்று.
பிறகு பருப்பை மட்டும் வேகவைத்தேன்.
கட்டு குளிர்பெட்டியில் கிடக்கிறது.
இன்று நான்காம் நாள்.
ஓரம்கூட வாடவில்லை.